நாலு விரல் தூரம்

தாராவியில் குழாயில் தண்ணீர் வராத நாள் உண்டு. பிளாக்பெல்ட் ராஜாவைப் பற்றி வாய்ச்சண்டை வராத நாள் இந்த ஒரு வருடமாகக் கிடையாது. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் மூட்டைப்பூச்சித் தியேட்டர்களில் ஒரு காலத்தில் ஓடிய இந்திச் சண்டைப் படங்களின் நாயகன் அவன். அந்தப் படங்களை யாரோ ஒரு புண்ணியவான் துண்டு துண்டாக வெட்டி ஃபோனில் விட்டுவிட்டான். விட்டதும், படம் வந்தபோது பிறந்தே இராத பயல்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ராஜா அசல் வித்தைக்காரன் என்பது ஒரு கட்சி. எல்லாம் கேமரா வேலை, அவனுக்குக் கொசு அடிக்கக்கூடத் தெரியாது என்பது மறு கட்சி.

மாரிசெல்வத்தின் வீட்டிலும் இதே இரண்டு கட்சிதான். ஆனால் அங்கே அது பொழுதுபோக்கு இல்லை. அவனுடைய இடது கண்ணை எடுத்தது அந்த ராஜாவின் கால்.

ராஜாவின் சொந்தப் பெயர் பேச்சிராஜா. தாராவிக்குள்ளேயே இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்காரன். அவனும் மாரிசெல்வமும் ஒரே சந்தில் வளர்ந்து, ஒரே வகுப்பில் கராத்தே படித்தவர்கள். நிறமும் முகவெட்டும் அவனை ஹீரோ ஆக்கின. இவன் அவனிடம் அடி வாங்கும் ஃபைட்டர் ஆனான். பதினோரு படத்தில் அடி வாங்கினான்.

சினிமாச் சண்டையில் ஓங்கிய கால் எதிராளியின் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் நின்றுவிட வேண்டும். அந்த இடைவெளியைக் கேமரா மறைத்துவிடும். வாங்குகிறவன் அதே நொடியில் தலையைச் சொடுக்கிக்கொண்டு விழ வேண்டும். தப்பித் தவறி நிஜமாகவே பட்டுவிட்டால் அதற்கும் ஃபைட்டர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பட்டால், வாங்கினவன் மேல்தான் தப்பு. ஹீரோவின் கால் எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் நிற்கும், இந்தப் பயல்தான் தலையை முன்னால் நீட்டியிருப்பான். எந்த மகாராசன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ தெரியாது, நிச்சயமாக அவன் அடி வாங்கினவன் இல்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், செம்பூரில் மூடிக் கிடந்த ஒரு ஃபேக்டரி ஷெட்டில் பதினோராவது படத்தின் கடைசிச் சண்டை நடந்தது. பேச்சிராஜாவின் கால் வந்தது. நிற்கவில்லை. இடது கண் முட்டை உடைவதுபோல் உடைந்ததை மாரிசெல்வம் காதால் கேட்டான். விழுந்தவன் எழுந்தான். கண்ணில் துண்டை அமுக்கிக்கொண்டு, முழங்கை வழியாக ரத்தம் சொட்டச் சொட்ட ஹீரோவின் முன்னால் போய் நின்று ஒற்றைக் கையால் கும்பிட்டான்.

"ஸாரி சார். நாந்தான் முந்திட்டேன். ஷாட் வேஸ்ட்டாயிட்டு."

பேச்சிராஜா அவன் தோளில் தட்டி, "பரவால்ல மாரி" என்றான். அதற்குப் பிறகுதான் டாக்ஸி கூப்பிட்டார்கள்.

கண்ணோடு தொழிலும் போனது. டைமிங் தெரியாதவன் என்று பெயர் வாங்கினவனை எந்த ஸ்டன்ட் மாஸ்டர் கூப்பிடுவான்? தோல் பெல்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் துளை போடும் வேலைக்குப் போனான், இன்றுவரை அதுதான். வருடா வருடம் பேச்சிராஜாவின் பிறந்தநாளன்று ஃபோன் போடுவான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு நடந்தத மனசுல வச்சிக்காதிய சார்" என்பான். "அதெல்லாம் மன்னிச்சாச்சு மாரி, மறந்துரு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அன்று முழுக்க மாரிசெல்வத்துக்கு மனசு லேசாக இருக்கும். 

அவன் மனைவி ஆறுமுகத்தாய்க்கு அந்த ஒரு நாள் மட்டும் அடுப்பு பற்றாது.

"கண்ண நோண்டுனவன்ட்டயே மன்னிப்புக் கேக்க ஆளு பம்பாயில நீங்க ஒருத்தருதான். அவனுக்குக் காலு நிலைக்கு நிக்கத் தெரியாது. நக்லிப் பய, போலி. தெரிஞ்சவனா இருந்தா படுமா?"

"ஏட்டி, அவரு கால் ஒரு நூலு பெசகாது. நான் பதினோரு படம் நின்னுருக்கேன், எனக்குத் தெரியாதா? நாந்தான் தலைய நீட்டிட்டேன்."

"நீட்டுனத நீங்க பாத்தியளா?"

அவன் பார்க்கவில்லை. யார்தான் தன் தலையைத் தானே பார்க்க முடியும்? ஆனால் ராஜா போலி என்று ஒப்புக்கொண்டால், தெருக்கூத்துக்காரன் ஒருவனிடம் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவன் என்று ஆகிவிடும். அதைவிடத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வது அவனுக்குக் கௌரவமாக இருந்தது. இருந்தும் ஒவ்வொரு நாளும், துளை போடுவதற்கு முன் தலையைக் குனியும்போதெல்லாம், நீட்டினேனா, எவ்வளவு நீட்டினேன் என்று அந்த நொடியைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருப்பான். இந்த நோவு யாருக்கும் வரக்கூடாது.

லேபர் கேம்ப் ஹாலில் புதிதாக ஒரு சண்டை மேடை போட்டார்கள். கயிறு கட்டிய நிஜமான ரிங். திறந்துவைக்க நவி மும்பை நேருளிலிருந்து பிளாக்பெல்ட் ராஜாவே வருகிறான் என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டையே திரண்டுவிட்டது. மாரிசெல்வம் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இடம் பிடித்தான். ஆறுமுகத்தாயும் வந்தாள். கேட்டதற்கு, "அந்தத் துரை தடுக்கி விழுறதப் பாக்கணும்லா" என்றாள்.

பேச்சிராஜாவுக்கு ஐம்பத்தாறு வயது. முடிக்குச் சாயம், கைக்கு மோதிரம். வயிறு மட்டும் இன்னும் பலகைபோல இருந்தது. ரிப்பனை வெட்டினான், மாலையை வாங்கினான், ஒழுக்கம் வேண்டும் தம்பிகளே என்று நாலு வார்த்தை பேசினான். பேசி முடித்து இறங்கியிருந்தால் எல்லோரும் வடாபாவ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சுபின் விடவில்லை.

சுபின் அந்த ரிங்கின் பயிற்சியாளன். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், பிறந்தது தாராவி. இருபத்தாறு வயது, காசுக்கு மோதும் கூண்டுச் சண்டையில் நாலு பேரைச் சாய்த்தவன். சினிமாக்காரர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"அங்கிள், ரெண்டு நிமிஷம்," என்று விரல் திறந்த கையுறையை நீட்டினான். "சும்மா டெமோ. பசங்க பாக்கட்டும். அஸ்லியா நக்லியான்னு தினமும் மண்டைய உடைக்கானுவ."

நூறு ஃபோன்கள் தூக்கப்பட்டன. இப்படி மாட்டினால் எந்த ஹீரோதான் மாட்டேன் என்பான்? பேச்சிராஜா மோதிரங்களைக் கழற்றினான், காலணியைக் கழற்றினான், ஏறினான்.

முதல் அரை நிமிடம் டெமோதான். பிறகு சுபின் சிரித்துக்கொண்டே ஒன்று விட்டான். அது நிஜம். கீழுதடு பிளந்து பேச்சிராஜாவின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. கூட்டம் ஊளையிட்டது. "நக்லி! நக்லி!" சுபின் இரண்டாவதாக விலாவில் ஒன்று இறக்கினான். பேச்சிராஜா கயிற்றில் சாய்ந்தான். மூன்றாவது காதோடு விழுந்தது.

"சொன்னேன்லா," என்றாள் ஆறுமுகத்தாய்.

மாரிசெல்வத்துக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அவமானம் தனக்கே நடப்பதுபோல் இருந்தது.

நாலாவது குத்து வரும்போது பேச்சிராஜா அங்கே இல்லை. அரை அடி நகர்ந்திருந்தான். அவ்வளவுதான் தெரிந்தது. சுபினின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகியதும் எலும்பு பிசகிய சத்தம் முதல் வரிசைக்குக் கேட்டது. சுபின் வலியில் குனிய, முழங்கால் மேலே வந்து அவன் வாயில் இடித்தது. பல்லும் ரத்தமும் கயிற்றுக்கு வெளியே வந்து விழுந்தன. சுபின் சாதாரணப் பயல் இல்லை. அந்த நிலையிலும் நல்ல கையால் சுற்றி அடித்தான். பேச்சிராஜா அந்தக் கைக்குக் கீழே நுழைந்து தொடையில் உதைத்தான். அதே இடத்தில் இன்னொன்று. அதே இடத்தில் மூன்றாவது. கோடாலியால் விறகு பிளப்பவன் ஒரே வெட்டில் திரும்பத் திரும்பப் போடுவானே, அப்படி. சுபினின் கால் மடங்கியது. விலாவில் குதிகால் இறங்கியபோது அவன் மாடு கதறுவதுபோல் ஒரு சத்தம் போட்டான்.

யாரும் இப்போது நக்லி என்று சொல்லவில்லை. ஃபோனைப் பிடித்த கைகள்கூட இறங்கிவிட்டன. உதடு கிழிந்து, கண்ணில் வெறி ஏறி நின்ற அந்த வயசாளியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசி உதைக்குப் பேச்சிராஜா சுழன்றான். பாதம் சுபினின் முகத்தைக் குறிவைத்துக் கிளம்பியது. அதே நேரத்தில் சுபினின் முழங்கால் விட்டுப்போய் அவன் முகம் முன்னால் சரிந்தது. நேராக அந்தக் காலுக்கு எதிரே. மாரிசெல்வம் தன்னையறியாமல் இடது கண் இருந்த குழியைப் பொத்திக்கொண்டான்.

கால் நின்றது. நின்றது மட்டுமா? சரிந்துவரும் முகத்துக்கு விட்டுக்கொடுத்தபடி பின்னால் போனது. முகம் ஒரு சாண் வந்தால் பாதம் ஒரு சாண் பின்வாங்கியது. புருவத்துக்கும் பாதத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கடைசிவரை அப்படியே இருந்தது. சுபின் மொத்தமாகத் தரையில் விழுந்த பிறகுதான் பேச்சிராஜா ஒற்றைக் காலில் நின்றதை விட்டு மறுகாலை ஊன்றினான்.

"அஸ்லி ஹை!" என்று எவனோ கத்தினான். ஹால் கூரை பெயர்வதுபோல் ஆர்ப்பாட்டம். சுபினைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள். ஒரு வருடத்து வழக்கு தீர்ந்தது. மாரிசெல்வத்தின் கட்சி ஜெயித்துவிட்டது.

ஜெயித்தவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தலை முந்தினால் கால் பின்வாங்குகிறது. ஐம்பத்தாறு வயதில், அடி வாங்கி, மூச்சு இரைக்க, கோபம் தலைக்கேறி நிற்கும்போதே இவனால் இது முடிகிறது. முப்பத்து மூன்று வயதில், மூன்று தடவை ரிகர்சல் பார்த்து, எண்ணி வைத்த உதையில் முடியாமலா போயிற்று? நான் நீட்டியிருந்தால்தான் என்ன? இவன் நிறுத்தியிருப்பானே! மாரிசெல்வம் எழுந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றுக்குள் நுழைந்தான்.

"யாரு, மாரியா!" பேச்சிராஜா உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியாடே?"

"பாத்தேன் சார். செம்பூர்ல எடுத்த அந்த ஷாட்ட இன்னொருக்கா எடுப்போம்."

"இப்ப வேண்டாம். மேலெல்லாம் வலிக்கி."

"ஒரே ஒருக்கா சார்."

ஏதோ பழைய சிநேகிதர்களின் விளையாட்டு என்று கூட்டம் கைதட்டியது. பேச்சிராஜாவுக்கு வேறு வழியில்லை. கால் வந்தது, இடது பக்கமாக, அன்று வந்த மாதிரியே. மாரிசெல்வம் வேண்டுமென்றே தலையை இரண்டு விரல் முன்னே கொண்டுபோனான். கால் இரண்டு விரல் பின்னே போனது. "இன்னொருக்கா," என்றான். இந்தத் தடவை ஒரு சாண் நீட்டினான். பாதம் அவன் இமை முடியைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது தடவை காலைப் பார்த்துப் பாய்ந்தே விட்டான். பேச்சிராஜா காலைச் சட்டென்று கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அவன் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

"போதும்டே," என்றான் மெதுவாக.

"அன்னைக்கு நான் தலைய நீட்டுனேனா?"

"பொறவு பேசுவோம் மாரி. ஆளுக நிக்காவ."

"நீட்டுனேனா, இல்லையா?"

பேச்சிராஜா கூட்டத்தைப் பார்த்தான், ஃபோன்களைப் பார்த்தான். குரலை இறக்கிக்கொண்டான். "இல்ல."

மாரிசெல்வம் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். இந்த ஒரு சொல்லுக்கு இருபத்து மூன்று வருடம். "பொறவு எதுக்குல?" சார் போய்விட்டது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"காலைல ரிகர்சல்ல நீ சுத்தி ஒரு உதை போட்ட. யூனிட்டு மொத்தமும் கைதட்டுச்சு. லைட்டு பிடிக்கவன் ஏணியில இருந்து எறங்கி வந்து உனக்குக் கை குடுத்தான். நான் பக்கத்துலயே நிக்கேன், என்னைய ஒரு நாயும் பாக்கல. கண்ணுன்னு நெனைக்கலடே. கன்னத்துல ஒண்ணு வச்சா அடங்குவேன்னு நெனச்சேன்."

"கைதட்டுனாவளா?"

மாரிசெல்வத்துக்கு அது ஞாபகமே இல்லை. அந்த நாளில் அவன் உருட்டி உருட்டிப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு நொடி மட்டும்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தனக்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள், அதையும் சேர்த்தல்லவா இவன் எடுத்துவிட்டான்!

"ஒன் காலு எங்க போவும்னு ஒனக்குத் தெரியாதோல? கன்னம் எது, கண்ணு எதுன்னு தெரியாதோ?"

பேச்சிராஜா மறுபடி ஃபோன்களைப் பார்த்தான்.

"சரி, கண்ணு போயிட்டு. வருசா வருசம் ஃபோன் போட்டேன்லால. அப்பம் என்ன சொன்ன? மன்னிச்சாச்சுன்னு சொன்னியே. நீ! என்னைய! மன்னிச்சியால?"

ஃபைட்டர் ஹீரோவைத் தொடக்கூடாது. பதினோரு படத்தில் மாரிசெல்வத்தின் கை ஒரு தடவைகூட அவன் மேல் பட்டதில்லை. இப்போது பட்டது. முப்பது கிலோ இரும்பை நாள் முழுக்க அழுத்தித் தோலில் துளை போட்ட கை அது. பேச்சிராஜாவின் மூக்குத்தண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவன் அசையாமல் அதை வாங்கினான். தடுக்கக்கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆனால் இரண்டாவது குத்து வந்தபோது உடம்பு கேட்கவில்லை. வித்தை படித்த உடம்பு, சும்மா இரு என்றால் இருக்குமா? இடது கை தானாக எழுந்து தடுத்தது, வலது கை தானாக மாரிசெல்வத்தின் நெஞ்சில் இறங்கியது. விலா எலும்பு முறிந்தது. மாரிசெல்வம் மல்லாக்க விழுந்தான். மூச்சு வரவில்லை.

பேச்சிராஜாவுடன் வந்திருந்த காவலாள் கயிற்றுக்குள் தலையை விட்டான். உள்ளே போன தலையின் பின்னால் ஆறுமுகத்தாய் அவன் காலரைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறினான். அவள் அவன் புறங்கையைக் கடித்தாள். "எவனாவது உள்ள போனா தொண்டையக் கடிச்சிருவேன்!" என்று வாயில் ரத்தத்தோடு அவள் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மேடையில் என்ன பேச்சு நடந்தது என்று அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. புருஷன் கை ஓங்கியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மாரிசெல்வம் எழுந்தான். மறுபடி போனான். பார்வை இல்லாத பக்கத்திலிருந்து ஒரு அடி வந்து காதைக் கிழித்தது. வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்து வயிற்றில் குத்தினான். மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். ஜெயிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். பேச்சிராஜா அசல், அதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? ஆனால் அடி வாங்கி விழுவதும் எழுவதும் அவனுடைய தொழில். அதில் அவனை மிஞ்சப் பம்பாயில் ஆள் கிடையாது. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ எழுந்து வந்தபோது பேச்சிராஜாவின் கண்ணில் பயம் தெரிந்தது. தன் இரண்டு கைகளையும் தானே அக்குளுக்குள் திணித்துக்கொண்டு, அவை எழாதபடி இறுக்கிக்கொண்டான்.

அந்த முகத்தில் மாரிசெல்வம் அடித்தான். உதட்டில், ஏற்கெனவே உடைந்த மூக்கில், தாடையில். தன் விரல் முறிந்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பொம்பளை அழ ஆரம்பித்தாள். பேச்சிராஜா முழங்காலில் விழுந்தான். அக்குளிலிருந்து கைகளை எடுத்தான். அவை இப்போது எழவில்லை, ஒன்றாகச் சேர்ந்தன.

"மன்னிச்சிரு மாரி," என்றான். பல் போன இடத்தில் காற்று போனது. "எல்லாரு முன்னாலயும் கேக்கேன். வேணும்னுதான் மிதிச்சேன். மன்னிச்சிருடே."

மாரிசெல்வம் மூச்சு இரைக்க அவனைக் குனிந்து பார்த்தான். வாய் பழக்கதோஷத்தில், பரவாயில்லை சார் என்று சொல்லப் போனது. எத்தனை வருடத்துப் பழக்கம்! நாக்கு நுனிவரை வந்துவிட்ட அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"மாட்டேன்," என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. கயிற்றுக்கு வெளியே ஆறுமுகத்தாய் அவனுடைய செருப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் செருப்பை மாட்டினான்.